நீட் கிடைக்கவில்லை, பார்மசி படிக்கலாமா? டி.பார்ம், பி.பார்ம், பார்ம்.டி: ஒரு தகப்பனாருக்குப் பதில்

கேள்வி இதுதான். மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு, 80 சதவீதத்தை ஒட்டி மதிப்பெண். நீட் எழுதினாள், இடம் வரவில்லை. இன்னொரு வருடம் வீட்டில் உட்கார மனமில்லை, பார்மசி படிக்கிறேன் என்கிறாள். டி.பார்ம் (டிப்ளமோ), பி.பார்ம் (பட்டம்), பார்ம்.டி (ஆறு வருட மருத்துவமனை சார்ந்த பட்டம்) மூன்றில் எது நல்லது, எந்தக் கல்லூரி? கூடவே ஓர் ஏஜென்ட், "கல்லூரிக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், வெளிமாநிலத்தில் டி.பார்ம் முடித்துத் தருகிறேன். சான்றிதழை மெடிக்கல் ஷாப்புக்குக் கொடுத்தால் மாதாமாதம் பணம் வரும்" என்கிறாராம்.

முதலில் அந்த ஏஜென்ட் விஷயத்தை முடித்துவிடலாம். வேண்டாம்.

அது ஏன் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும். டி.பார்ம் தபாலில் படிக்கிற படிப்பு இல்லை. வகுப்பிலும் லேபிலும் வருகைப்பதிவு இருந்தால்தான் தேர்வெழுத முடியும். அதற்கு மேல் மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ 500 மணி நேரப் பயிற்சி முடித்தால்தான் டிப்ளமோ முழுமையாகும். இதையெல்லாம் தாளில் மட்டும் காட்டிவிட்டு, தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்யப் போனால், சான்றிதழைப் படித்த மாநிலத்துக்கே சரிபார்க்க அனுப்புவார்கள். அங்கே மாட்டிக்கொண்டால் கட்டிய பணமும் போச்சு, இரண்டு வருடமும் போச்சு. இது போதாதென்று, டிப்ளமோ முடித்தவர்களுக்கு பதிவுக்கு முன் எக்ஸிட் தேர்வு (படிப்பு முடிந்தபின் தனியாக எழுதும் தகுதித் தேர்வு) வேண்டும் என்று 2022இல் விதிமுறையும் வந்துவிட்டது.

சான்றிதழை வாடகைக்கு விடுவது இன்னும் மோசம். மருந்துக்கடை லைசென்ஸில் உங்கள் மகள் பெயர் இருக்கும், கடையில் அவள் இருக்க மாட்டாள். பார்மசி சட்டம் 1948, 42ஆவது பிரிவின்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவுபெற்ற மருந்தாளுநர். டிரமடால் என்ற வலி மாத்திரை 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைச் சீட்டில்லாமல் கடைக்காரர் விற்று ஒருநாள் பிடிபட்டால், சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸில் யார் பெயர் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மாதம் வருகிற அந்தச் சில ஆயிரத்துக்கு இந்தத் தலைவலி தேவையா? ஊரில் நாலு பேர் இப்படித்தான் செய்கிறார்கள் என்பீர்கள். செய்கிறார்கள்தான். எங்கள் மருந்துத் தொழிலில் சம்பளம் ஏறாமல் கிடப்பதற்கு முக்கியமான காரணமே அதுதான். ஆள் வராமலே சான்றிதழ் கிடைக்கும்போது, வேலைக்கு வருகிறவனுக்கு ஏன் கூடக் கொடுக்க வேண்டும் என்று முதலாளி நினைக்கிறார்.

சரி, இனி படிப்புக்கு வருவோம். "எது நல்லது" என்று கேட்டால் பதில் கிடைக்காது. உங்கள் மகள் எங்கே நின்று வேலை செய்ய விரும்புகிறாள் என்பதைக் கேளுங்கள். மருந்துக்கடை கவுண்டரா, மருந்து ஆலையா, மருத்துவமனை வார்டா? மூன்றும் வேறு வேறு வாழ்க்கை. பட்டத்தின் பெயர் அதற்கு அப்புறம்தான்.

கவுண்டர் என்றால் டி.பார்ம் போதும். இரண்டு வருடப் படிப்பு, பிறகு பயிற்சி. சொந்தமாக மெடிக்கல் ஷாப் வைக்க டி.பார்ம் முடித்தவருக்கும் பி.பார்ம் முடித்தவருக்கும் சட்டத்தில் வித்தியாசம் இல்லை. அரசு மருத்துவமனை மருந்தாளுநர் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கை விடும்போதும் டி.பார்ம் அடிப்படைத் தகுதியாக இருக்கும். ரயில்வே மருத்துவமனைகளுக்கும் மருந்தாளுநர்களை எடுக்கிறார்கள். வீட்டு நிலைமை சீக்கிரம் சம்பாதிக்கச் சொல்கிறது என்றால் டி.பார்மைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. பிறகு மனம் மாறினால் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், மொத்தம் ஐந்து வருடம் ஆகும். ஆனால் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் பெண்ணுக்கு இந்தச் சுற்றுவழி எதற்கு என்பது என் கேள்வி.

பி.பார்ம் நாலு வருடம், எட்டு செமஸ்டர். கதவுகள் அதிகம் திறப்பது இதில்தான். கவுண்டரிலும் நிற்கலாம், ஆலைக்கும் போகலாம். மருந்து தயாரிக்கும் ஆலையில் உற்பத்தியை மேற்பார்வை பார்க்க அரசு அங்கீகரித்த தொழில்நுட்ப ஆள் இருக்க வேண்டும். மருந்து விதிகளின்படி பார்மசி பட்டதாரிக்கு அதற்கு 18 மாத உற்பத்தி அனுபவம் போதும். வேதியியல் படித்த பி.எஸ்சி.க்காரருக்கு மூன்று வருடம் வேண்டும். "அப்ரூவ்டு கெமிஸ்ட்" என்று ஆலைகளில் சொல்வது இதைத்தான். அந்த அங்கீகாரம் கைக்கு வந்தபின்தான் சம்பளப் பேச்சில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முடியும். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் மருந்து ஆய்வாளர் தேர்வுக்கும் பார்மசி பட்டம் வேண்டும், டி.பார்ம் செல்லாது. முதுகலைப் படிப்பான எம்.பார்ம் போக ஜிபேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் தகுதி பெற்றுச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மொகாலி, ஹைதராபாத், அகமதாபாத் போன்ற ஊர்களில் உள்ள நைப்பர் எனும் மருந்துக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் மத்திய அரசுடையவை. மருந்து ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் இப்போதே அந்தப் பெயரை மகள் காதில் போட்டு வையுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பி.பார்ம் முடித்தவுடன் ஆலையில் கிடைக்கும் முதல் சம்பளம் பல இடங்களில் 20,000ஐத் தொடாது. ஷிப்ட் வேலை, ஆலையோ பெரும்பாலும் ஊருக்கு வெளியே. அதனால் சென்னையில் பி.பார்ம் முடிப்பவர்களில் நிறையப் பேர் மெடிக்கல் கோடிங்கில் போய் உட்காருகிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லுக்குக் குறியீடு போடும் வேலை அது. ஏசி அறை, மாதச் சம்பளம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாலு வருடம் படித்த மருந்தியலில் கால்வாசிகூட அங்கே பயன்படாது. மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்து ஆராயும் பார்மகோவிஜிலென்ஸ் வேலை பரவாயில்லை, படிப்போடு ஒட்டியது.

பார்ம்.டி ஆறு வருடம். ஐந்து வருடம் படிப்பு, ஆறாவது வருடம் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப்: ஆறு மாதம் பொது மருத்துவம், பிறகு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். இந்தியாவில் இந்தப் படிப்பு 2008இல்தான் வந்தது. நீட் கைவிட்ட வீடுகளில் இதற்குத் தனி மவுசு, பெயரில் "டாக்டர்" இருக்கிறதே! பார்ம்.டி முடித்தவர் நோயாளிக்கு வைத்தியம் பார்க்க முடியாது, மருந்துச் சீட்டு எழுத முடியாது. டாக்டர் எழுதிய சீட்டில் ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுகிறதா, சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு அளவைக் குறைக்க வேண்டுமா என்றெல்லாம் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. முக்கியமான வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கென்று தனியாக ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கும் மருத்துவமனைகள் நம் ஊரில் இன்னும் குறைவு, இருப்பவை பெரும்பாலும் பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகள். அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக நிரப்புவது மருந்தாளுநர் பணியிடங்களைத்தான்.

பார்ம்.டிக்கு உண்மையான பலம் அமெரிக்காவில் இருக்கிறது. வெளிநாட்டில் படித்த மருந்தாளுநர் அங்கே எழுத வேண்டிய எப்.பி.ஜி.இ.இ. தேர்வுக்கு, 2003க்குப் பிறகு முடித்தவர்களிடம் ஐந்து வருடப் பாடத்திட்டம் கேட்கிறார்கள். நாலு வருட பி.பார்ம் அதற்குப் பற்றாது, பார்ம்.டி பற்றும். வளைகுடா நாடுகளுக்கு பி.பார்மே போதும், அனுபவம், சான்றிதழ் சரிபார்ப்பு, அந்தந்த நாட்டு லைசென்ஸ் தேர்வு என்று வேறு படிகள் உண்டு. ஆக, வெளிநாடு போகும் உறுதியும் ஆறு வருடக் கட்டணம் கட்டும் தெம்பும் இருந்தால் பார்ம்.டி. இரண்டில் ஒன்று ஆட்டம் கண்டாலும் பி.பார்ம் எடுங்கள். பி.பார்முக்குப் பிறகும் ஆசை மிச்சமிருந்தால், பட்டதாரிகளுக்கான மூன்று வருட பார்ம்.டி தனியாக இருக்கிறது.

இடையில் ஒரு எச்சரிக்கை. பொறியியல் கவுன்சலிங்கில் "பி.டெக் பார்மசூட்டிக்கல் டெக்னாலஜி" என்று ஒன்று வரும். அது பொறியியல் படிப்பு. அதை வைத்து மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது. பெயரைப் பார்த்து ஏமாந்து சேர்ந்தவர்கள் உண்டு.

இனி கல்லூரி. உங்கள் ஊரைச் சுற்றியே புதிதாக எத்தனை பார்மசி கல்லூரி போர்டு முளைத்திருக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். அதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. கல்லூரிகள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன என்று இந்திய பார்மசி கவுன்சில் 2019இல் ஐந்து வருடத்துக்குப் புதிய கல்லூரிகளுக்குத் தடை போட்டது. கல்லூரி தொடங்க விரும்பியவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, அதே வருடம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிர்வாக உத்தரவால் அப்படித் தடுக்க முடியாது என்பதுதான் தீர்ப்பு. எல்லாக் கல்லூரியும் தரமானவை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அதன் பிறகு கதவு திறந்துகொண்டது. ஆகவே தரம் பார்க்கும் வேலை இப்போது பெற்றோர் தலையில்.

முதலில் பார்க்க வேண்டியது பார்மசி கவுன்சிலின் இணையதளத்தில் உள்ள கல்லூரிப் பட்டியல். பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அனுமதி இரண்டு வகை. ஒன்று, படிப்பை நடத்த அனுமதி; புதிய கல்லூரிக்கு முதலில் கிடைப்பது இதுதான். மற்றொன்று, பார்மசி சட்டத்தின் 12ஆவது பிரிவின்கீழ் வரும் அங்கீகாரம். படித்து முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு செய்ய இது வேண்டும். முதல் பேட்ச் இறுதித் தேர்வை நெருங்கும்போதுதான் ஆய்வு செய்து இதைத் தருவார்கள். "அப்ரூவல் இருக்கு சார்" என்று அட்மிஷன் மேஜையில் சொல்வது எந்த அப்ரூவல் என்று கேளுங்கள். எந்தப் படிப்புக்கு, எந்த வருடம் வரை, எத்தனை இடத்துக்கு என்றும் கேளுங்கள். டி.பார்முக்கு அங்கீகாரம் இருக்கும், அதே கட்டடத்தில் பி.பார்ம் இப்போதுதான் தொடங்கியிருக்கும். முதல் பேட்ச்சாகப் போய்ச் சேருவதை முடிந்தவரை தவிர்க்கலாம்.

அப்புறம் ஒருநாள் மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். வேலைநாளில், சொல்லாமல், மதியம் இரண்டு மணிக்குப் பிறகு போங்கள். லேப் வகுப்புகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கும். வாசலில் நீரூற்று, கண்ணாடிக் கட்டடம், பிள்ளையார் கோயில் எல்லாம் பார்த்து முடித்தபின் "கருவி அறையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அங்கே எச்.பி.எல்.சி. என்று ஒரு கருவி இருக்கும். மாத்திரையில் சொன்ன அளவு மருந்து இருக்கிறதா, கெட்டுப்போய் வேறு ஏதாவதாக மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. விலை லட்சங்களில். அதனாலேயே சில கல்லூரிகளில் உறையைக் கழற்றவே மாட்டார்கள். அதன் பக்கத்தில் ஒரு லாக் புக் இருக்க வேண்டும்: தேதி, யார் ஓட்டினார், என்ன சாம்பிள், எந்த காலம் (column, கருவியில் மாட்டும் குழாய்), எத்தனை நேரம் என்று வரிசையாக எழுதியிருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஆய்வு நடந்த மாதத்தில் மட்டும் பக்கம் பக்கமாக நிரம்பி மற்ற மாதங்கள் காலி என்றால் உங்களுக்கே புரிந்துவிடும். பல கையெழுத்துகள், அடித்துத் திருத்திய வரிகள், "பம்ப் பிரஷர் ஏறுகிறது" என்று யாரோ கிறுக்கிய குறிப்பு எல்லாம் இருந்தால் அங்கே பிள்ளைகள் தொட்டு வேலை செய்கிறார்கள்.

இன்னொன்று, மாத்திரை அடிக்கும் இயந்திரம். வேலை செய்யும் இயந்திரத்தின் இடுக்கில் கொஞ்சமாவது வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். பெயின்ட் பளபளவென்று, பஞ்ச்கள் (பொடியை மாத்திரையாக அழுத்தும் அச்சுகள்) எண்ணெய்த் தாளில் சுற்றியபடியே இருந்தால் அது காட்சிப் பொருள். பக்கத்தில் ஆறு கண்ணாடிப் பாத்திரங்களை வெந்நீர்த் தொட்டியில் இறக்கிய டிசல்யூஷன் கருவி இருக்கும். வயிற்றுச் சூடான 37 டிகிரியில் மாத்திரை எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று அதில் பார்ப்பார்கள். மூன்றாம் வருட மாணவரைப் பிடித்து, "நீங்கள் கடைசியாக டேப்லெட் பஞ்ச் பண்ணியது எப்போது? டிசல்யூஷன் போட்டீர்களா?" என்று கேளுங்கள். "டெமோ காட்டினாங்க" என்ற பதில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நான் மருந்து ஆலையில் க்யூ.சி.யில் (தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில்) இருந்தபோது நேர்காணலுக்கு வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் கேட்போம். 80 சதவீதம், 70 சதவீதம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட் குழாயைப் பிடிக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

ஆசிரியர்களைப் பற்றியும் கேட்க வேண்டும், இது கொஞ்சம் நாசூக்கான இடம். இணையதளத்தில் இருபது பேர் படம் இருக்கும். அதில் பாதிப் பேர் ஆய்வு நாளில் மட்டும் வருகிறவர்களாக இருந்துவிடலாம். பழைய மாணவரிடம் "மருந்தியல் உங்களுக்கு யார் எடுத்தார்? வருடத்துக்கு எத்தனை பேர் மாறினார்கள்?" என்று கேட்டால் போதும். சம்பளம் ஒழுங்காகக் கொடுக்காத கல்லூரியில் ஆசிரியர்கள் செமஸ்டருக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள்.

பார்ம்.டி என்றால் லேபைவிட மருத்துவமனையைப் பாருங்கள். 300 படுக்கை உள்ள மருத்துவமனையோடு கல்லூரி இணைந்திருக்க வேண்டும் என்பது விதி. படுக்கை இருக்கிறது, நோயாளி இருக்கிறாரா? ஐந்தாம் வருட மாணவர்கள் டாக்டரோடு ரவுண்ட்ஸ் போகிறார்களா, இல்லை மருந்தகத்தில் ஸ்ட்ரிப் எண்ணுகிறார்களா? மருத்துவமனை கல்லூரி வளாகத்திலேயே இருந்தால் உத்தமம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒப்பந்தம் மட்டும் இருந்தால் யோசியுங்கள்.

பிளேஸ்மென்ட் பட்டியலை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன். "100 சதவீதம்" என்று போட்டிருப்பார்கள். அதில் ஆலைக்குப் போனவர் எத்தனை, கோடிங் எத்தனை, மருந்துக்கடை எத்தனை என்று பிரித்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் பி.பார்ம் மாணவர்கள் 150 மணி நேரம் ஆலையிலோ மருத்துவமனையிலோ பயிற்சி எடுக்க வேண்டும். கல்லூரியே ஆலையில் இடம் பிடித்துத் தருகிறதா, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறதா என்று கேளுங்கள். ஆலைகளோடு கல்லூரிக்கு உண்மையில் எவ்வளவு பழக்கம் என்பது அதில் தெரியும்.

தமிழ்நாட்டில் பி.பார்ம், பார்ம்.டி சேர்க்கைக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு மற்ற துணை மருத்துவப் படிப்புகளோடு சேர்த்துக் கவுன்சலிங் நடத்துகிறது. விண்ணப்பிக்கத் தவறாதீர்கள். தனியார் கல்லூரியில் சேர்ந்தால்கூட இந்த வழியில் வரும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு நிர்ணயித்த கட்டணம்தான். அரசுக் கல்லூரி என்றால் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் உள்ள பார்மசி கல்லூரிகள். இடங்கள் மிகக் குறைவு, கட்டணமும் மிகக் குறைவு, பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே. கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பார்மசி துறை இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு சென்டாக் (அந்த அரசின் சேர்க்கைக் குழு) வழியாக அங்கே உள்ள அரசு நிறுவனமான அன்னை தெரசா நிறுவனம். தனியாரில் ஊட்டி ஜே.எஸ்.எஸ். கல்லூரி தேசியத் தரவரிசையில் முதல் பத்துக்குள் பலமுறை வந்திருக்கிறது. கோவையில் பி.எஸ்.ஜி., சென்னை போரூரில் ஸ்ரீராமச்சந்திரா போன்றவற்றுக்குச் சொந்த மருத்துவமனைப் பின்புலம் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனியாகச் சேர்க்கை நடத்தும், கட்டணமும் வேறு மாதிரி இருக்கும். நாலு வருடத்துக்கும், விடுதி, தேர்வுக் கட்டணம், லேப் கோட் உள்பட, மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். முதல் வருடத்தை மட்டும் சொல்லி இழுப்பது பழைய வித்தை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், விண்ணப்பிக்க மறக்க வேண்டாம்.

மகளிடம் சொல்ல ஒன்று. பார்மசியில் உயிரியலைவிட வேதியியல்தான் அதிகம் படுத்தும். கரிம வேதியியல் மூன்று செமஸ்டர், மருந்து வேதியியல் மூன்று செமஸ்டர். பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்களுக்கு முதல் செமஸ்டரில் ரெமடியல் மேத்ஸ் என்று ஒரு தாள் வைப்பார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். வேதியியல் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிற பெண் என்றால், சேரும் முன் இன்னொரு முறை உட்கார்ந்து பேசுங்கள்.

அவள் மனதில் அடுத்த வருடமும் நீட் எழுதும் எண்ணம் இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள், பல வீடுகளில் இது நவம்பரில்தான் வெளியே வரும். பி.பார்மில் 80 சதவீத வருகை கேட்கிறார்கள், லேப் ரெக்கார்டு வாராவாரம் கையெழுத்தாக வேண்டும். கோச்சிங்கோடு சேர்த்து ஓட்டினால் இரண்டும் கெடும். நடுவில் நின்றால் மீதி வருடங்களின் கட்டணத்தையும் கட்டினால்தான் ஒரிஜினல் சான்றிதழ்களைத் தருவோம் என்று சில தனியார் கல்லூரிகள் மல்லுக்கு நிற்கும். அப்படியொரு எண்ணம் இருந்தால், நின்றால் என்ன கட்ட வேண்டும், சான்றிதழ் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதைப் பணம் கட்டும் முன் கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் வேறு கல்லூரி பாருங்கள்.